வாய்வுப் பிடிப்பு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியல. மார்ச் க்ளோசிங், ஆடிட், டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்னு வழக்கமான சாக்கெல்லாம் கைவசம் இருக்கு. ஆனா உண்மையான காரணம் வேற. ஒரு விஷயத்தை எழுதணும்னு நினைச்சு நினைச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல தள்ளிப் போட்டுட்டேன். அதை எழுதாம வேற எதை எழுத உக்காந்தாலும் கை ஓடல.

போன வாரம் இங்க நாக்பூர்ல நம்மூர்க்காரர் ஒருத்தர் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணினார். "சார், உங்க பையனுக்கு நெஞ்சுல என்னமோ செஞ்சாங்களே, அது என்ன சார்? என் அக்கா பையனுக்கும் அதேதான்னு சொல்றாங்க." அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிடறேன். அடுத்த ஆள் கேட்டா லிங்க் குடுத்துடலாம் பாருங்க.

2022 ஆகஸ்ட். பையன் அப்போ இஞ்சினியரிங் ரெண்டாவது வருஷம். ஆறடி உயரம், அம்பத்திநாலு கிலோ. எங்க அம்மா பாஷையில சொன்னா "கொடிக்கம்பு". சாயங்காலம் சும்மா லேப்டாப் முன்னாடி உக்காந்திருந்தவன், இடது நெஞ்சுல யாரோ கத்தியால குத்தின மாதிரி இருக்குன்னு எழுந்து வந்தான். வலி தோள்பட்டை வரைக்கும் இழுக்குதுன்னான். கனத்தைத் தூக்கல, ஓடல, விழல.

"ஹாஸ்டல் பசங்களோட சேந்து கண்டதையும் தின்னா இப்படித்தான். கேஸ்." இது நான் சொன்னது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல எதையும் முதல் பார்வையிலயே தீர்மானிச்சுப் பழகிட்டேன் இல்லையா.

தங்கமணி விருதுநகருக்குப் போன் போட்டாங்க. எங்க அம்மா அங்கேருந்தே வைத்தியம் சொன்னாங்க. "வாய்வுப் பிடிப்பா இருக்கும்யா. பூண்டைச் சுட்டுக் குடுங்க. பெருங்காயத்தை மோர்ல கலக்கிக் குடுங்க." குடுத்தோம். மறுநாள் வலி குறைஞ்சுடுச்சு. பாத்தியா, நான் சொன்னேன்ல என்று ஆபீஸ் போயிட்டேன்.

மூணாவது நாள் எங்க ரெண்டாவது மாடி ஏறி வந்தவன் கதவைப் பிடிச்சுக்கிட்டு நாய் மாதிரி இரைச்சான். அப்பத்தான் பயம் வந்தது. எக்ஸ்ரே எடுத்தோம். டியூட்டி டாக்டர் படத்தை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினார். இடது பக்கத்துல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் நுரையீரலோட ஓரம். அந்தக் கோட்டுக்கு வெளியில வெறும் கறுப்பு. "ஹவா பர் கயீ ஹை" என்றார். காத்து நிறைஞ்சிருக்கு.

யோசிச்சுப் பாருங்க. எங்க அம்மா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. வாய்வுதான். ஆனா வயித்துல இல்ல, நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுச் சுவருக்கும் நடுவுல.

இதை டாக்டர் விளக்கின விதத்தை என் பி.காம். மூளைக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். நுரையீரல் ஒரு பலூன் மாதிரி. விட்டா சுருங்கிக்கத்தான் பாக்கும். அதைச் சுருங்க விடாம நெஞ்சுச் சுவரோட ஒட்டி வெச்சிருக்கறது நடுவுல இருக்கற இழுவிசை. நுரையீரல் மேலயும் நெஞ்சுச் சுவர் உள்பக்கத்துலயும் ஆளுக்கு ஒரு மெல்லிசு உறை. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சூண்டு திரவம். ஈரமான ரெண்டு கண்ணாடித் துண்டு ஒட்டிக்கிட்டுப் பிரிய மாட்டேங்குமே, அது மாதிரி. அந்த இடத்துக்குள்ள காத்து புகுந்தா பிடிப்பு விட்டுடும். பலூன் சுருங்கிடும். இதுக்குப் பேர் நியூமோதோராக்ஸ்.

காத்து எப்படிப் புகுந்தது? நுரையீரலோட உச்சியில சிலருக்குச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கும். அதுல ஒண்ணு உடைஞ்சா போதும். வேற நுரையீரல் நோய் எதுவும் இல்லாத, உயரமான, ஒல்லியான வாலிபப் பசங்களுக்குத்தான் இது அதிகம் வரும். புகை பிடிச்சா ஆபத்து பல மடங்கு. (இந்த வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.)

விலா எலும்புக்கு நடுவுல ஒரு குழாய் போட்டாங்க. குழாயோட மறுமுனை கட்டிலுக்குக் கீழ ஒரு பாட்டில்ல, தண்ணிக்குள்ள முங்கி இருக்கும். உள்ள இருக்கற காத்து குமிழியா வெளியே வரும், வெளிக்காத்து உள்ளே போக முடியாது. வார்டுல இருந்த கேரளத்து சிஸ்டர் எனக்குப் பாட்டில் பாக்கச் சொல்லிக் குடுத்தாங்க. "குமிழி வருதுன்னா இன்னும் லீக் இருக்கு. குமிழி நின்னு, தண்ணி மட்டும் மூச்சுக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கினா நல்லது." நாலு நாள் அந்தக் குமிழியையே பாத்துக்கிட்டிருந்தேன். நாலாம் நாள் நின்னது. குழாயை எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பினாங்க. அனுப்பும்போது, சுமார் மூணு பேர்ல ஒருத்தருக்குத் திரும்ப வரும்னு சொன்னாங்க. நான் வழக்கம்போல மிச்ச ரெண்டு பேர் கணக்குல எங்களைச் சேத்துக்கிட்டேன்.

2023 ஜனவரி. காலையில பல் தேய்ச்சுக்கிட்டிருந்தவன் வந்து நின்னான். "அப்பா, அதே வலி. அதே பக்கம். இது கேஸ் இல்லப்பா." அந்தக் கடைசி வார்த்தைல இருந்தது எனக்குப் புரிஞ்சது. அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரி. மறுபடி குழாய், மறுபடி பாட்டில். சி.டி. ஸ்கேன்ல இடது உச்சியில மூணு கொப்புளம். வலது பக்கத்துலயும் சின்னதா ஒண்ணு. ரெண்டாவது தடவை வந்துட்டா அப்புறம் வந்துக்கிட்டே இருக்கற வாய்ப்பு இன்னும் அதிகம், அதனால ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க.

அப்ப ஆரம்பிச்சது பாருங்க போன். வெளியூர்ல குடியிருக்கறவங்களுக்கு இது தெரியும். உடம்புக்கு ஒண்ணுன்னா முதல்ல வர்ற யோசனை "ஊருக்குக் கூட்டிட்டு வந்துடு". மச்சான் மதுரைல ஆஸ்பத்திரி பாத்து வெச்சுட்டார். அம்மா அழுதாங்க. "பாஷை தெரியாத ஊர்ல பச்சப் பிள்ளையை அறுக்கக் குடுக்கப் போறியா?" எனக்கும் உள்ளுக்குள்ள அதே எண்ணம்தான். ஃபிளைட்ல போனா ரெண்டு மணி நேரத்துல சென்னை.

சர்ஜன் மராட்டிக்காரர், அம்பது வயசிருக்கும். ஃபிளைட்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். விமானம் மேல ஏறினதும் உள்ள காத்தழுத்தம் குறையும். ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலை மேல இருக்கற மாதிரி. நெஞ்சுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கற காத்து அங்க சுமார் மூணுல ஒரு பங்கு விரிஞ்சுடும். காத்து ரொம்பச் சேந்தா இருதயத்தையே ஒரு பக்கமா நெருக்கிடும், உயிருக்கே ஆபத்து. எக்ஸ்ரே சுத்தமா ஆகி ஒரு வாரமாவது கழிச்சுத்தான் விமானம்னார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல மத்தியானம் ஏறினா மறுநாள் விடியக்காலை சென்னை, உண்மைதான். ஆனா நெஞ்சுல குழாய், கையில பாட்டிலோட ஒரு ராத்திரி முழுக்க ரயில்லயா? முடிவாயிடுச்சு. நாக்பூர்தான்.

ஆபரேஷனுக்குப் பேர் வாட்ஸ். கேமரா உதவியோட நெஞ்சுக்குள்ள செய்யற அறுவை. (அம்மா கேட்டாங்க: "வாட்ஸ்அப்புல பாத்து ஆபரேசன் பண்றாகளா?" அந்த வாரத்துல நாங்க சிரிச்ச ஒரே தடவை.) பக்கவாட்டுல ஒண்ணு, ஒண்ணரை சென்டிமீட்டர்ல மூணு ஓட்டை. ஒண்ணுல கேமரா, மத்ததுல கருவிகள். மயக்க டாக்டர் ரெண்டு வழி இருக்கற ஒரு குழாயைத் தொண்டை வழியா விட்டு, வலது நுரையீரலை மட்டும் மூச்சு விட வெச்சு, இடதை அடக்கி வெப்பார். கொப்புளம் இருக்கற நுனியை ஒரு ஸ்டேப்ளர் ஒரே அமுக்குல தைச்சு வெட்டிடும். அப்புறம் நெஞ்சுச் சுவரோட உள்பக்கத்தைத் தேய்ச்சுப் புண்ணாக்குவாங்க. எதுக்கு? கொத்தனார் பழைய சுவத்துல பூசறதுக்கு முன்னாடி கொத்து போடுவார் இல்ல, பூச்சு பிடிக்கணும்னு. அதே கதை. புண் ஆறும்போது நுரையீரல் சுவரோட ஒட்டிக்கும். அப்புறம் இன்னொரு கொப்புளம் உடைஞ்சாலும் முழுசாச் சுருங்காது.

இந்த வழிக்கு வயசு நூறுக்கு மேல. 1910-ல ஸ்வீடன் டாக்டர் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபேயஸ், மூத்திரப்பைக்குள்ள பாக்கற குழாயை நெஞ்சுக்குள்ள விட்டுப் பாத்தார். இதுல வேடிக்கை என்னன்னா, அந்தக் காலத்துல டாக்டர்கள் வேணும்னே நுரையீரலைச் சுருங்க வெச்சுக்கிட்டிருந்தாங்க. டி.பி.க்கு மருந்து கிடையாது. நோய் பிடிச்ச நுரையீரலுக்கு ஓய்வு குடுத்தா ஆறும்னு இத்தாலிக்காரர் கார்லோ ஃபோர்லானினி 1882-ல சொல்லி, உலகம் பூரா சானடோரியங்கள்ல ஊசி வழியா நெஞ்சுக்குள்ள காத்து ஏத்தினாங்க. நம்ம தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் இருக்கே, அந்தப் பேர் 1928-ல அங்க ஆரம்பிச்ச டி.பி. ஆஸ்பத்திரியால வந்தது. எத்தனை தடவை அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருக்கேன். சிறு வீடியோ கேமரா வந்து, திரையைப் பாத்து ரெண்டு கையாலயும் வேலை செய்ய முடிஞ்சப்புறம்தான், 1990-கள்ல, இந்த முறை பரவுச்சு. 2004-ல ஒரே ஓட்டை வழியாவும் செஞ்சு காட்டிட்டாங்க.

நான் நெட்ல படிச்சுட்டுப் போய், "ஒரே ஓட்டைல பண்ணுவீங்களா?"ன்னு கேட்டேன். சர்ஜன் சிரிக்கல. "எனக்குக் கை பழகினது மூணு. ஓட்டையைக் குறைச்சா உங்களுக்குப் பெருமை. எனக்கு உள்ளே நல்லாத் தெரியணும்."

அடுத்த கேள்வி பாங்க் ஆபீசர் கேள்வி. "இதுக்கப்புறம் திரும்ப வராதுன்னு கியாரண்டி உண்டா?" அவர் ரெண்டு நம்பர் சொன்னார். நெஞ்சைப் பெரிசாத் திறந்து செஞ்சா, நூத்துல சுமார் ஒருத்தருக்குத் திரும்ப வரும். கேமரா வழியா செஞ்சா நூத்துல சுமார் அஞ்சு.

ஒண்ணா, அஞ்சான்னா எந்தக் கணக்கப்பிள்ளையும் ஒண்ணுன்னுதான் சொல்வான். நானும் சொன்னேன். "அப்ப திறந்தே பண்ணிடுங்க சார்."

அவர் எனக்குப் பதில் சொல்லல. கட்டில்ல இருந்த பையன் பக்கம் திரும்பினார். திறந்து செய்யறதுன்னா விலா எலும்பை விரிக்கணும், வலி மாசக்கணக்குல இருக்கலாம், தழும்பு இவ்வளவு நீளம்னு அவன்கிட்டயே கையால அளந்து காட்டினார். கேமரா வழியா செஞ்சு, அந்த அஞ்சுல ஒருத்தனா நீ போயிட்டா, மறுபடி செய்ய வழி இருக்குன்னார். அப்புறம், "சிகரெட்?"

பையன் என்னைப் பாத்தான். நான் சுவத்துல இருந்த காலண்டரைப் பாத்தேன். "ஆமா சார். ஒண்ணரை வருஷமா. ஒரு நாளைக்கு நாலஞ்சு. ஆகஸ்ட்டுக்கு அப்புறமும் விடல."

தங்கமணி எழுந்து வெளியே போயிட்டாங்க. எனக்குக் கோபம் வந்ததுன்னு சொன்னா அது உண்மை. ஆனா அதுக்கு முன்னாடி வந்தது வேற ஒண்ணு. வலிக்குதுன்னு சொன்னவனை மூணு நாள் மோர் குடிக்க வெச்சவன் நான். என்கிட்ட எதைச் சொன்னா எடுபடும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில ஃபாரம் வந்தது. ரெண்டு தாள், முன்னும் பின்னும். நான் வழக்கம்போல பேனாவைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனேன். சிஸ்டர் கையை நீட்டி நிறுத்தினாங்க. "சார், பேஷண்டுக்குப் பத்தொம்பது வயசு. அவர்தான் கையெழுத்துப் போடணும். நீங்க சாட்சி."

கவுண்டர்ல உக்காந்து எத்தனை ஆயிரம் பேர்கிட்ட பெருக்கல் குறி போட்டுக் குடுத்திருப்பேன். "இங்க, இங்க, இங்க. போதும்மா, படிக்கவெல்லாம் வேணாம், ஸ்டாண்டர்டு ஃபாரம்தான்." வீட்டுக் கடனுக்கு வந்தவங்க, மகளோட படிப்புக் கடனுக்கு ஜாமீன் போட வந்தவங்க. ஒருத்தரும் படிச்சதில்ல. நான் படிக்க விட்டதும் இல்ல.

பையன் படிச்சான். ஒவ்வொரு வரியா. ஒரு இடத்துல விரலை வெச்சு நிறுத்தினான். தேவைப்பட்டால் நெஞ்சைத் திறந்து அறுவை செய்ய நேரிடலாம், அதற்குச் சம்மதிக்கிறேன். சர்ஜனைக் கூப்பிடச் சொல்லி ரெண்டு கேள்வி கேட்டான். "எப்ப தேவைப்படும்? அதை யார் முடிவு பண்ணுவாங்க?" அவர் நின்னுக்கிட்டே சொன்னார். ரத்தம் நிக்கலைன்னா, நுரையீரல் ஏற்கெனவே ஒட்டிப்போய் உள்ளே பாக்க முடியலைன்னா. முடிவு என்னோடது, அப்ப உன்னை எழுப்பிக் கேக்க முடியாது, அதனாலதான் இப்பவே கேக்கறேன். பையன் தலையாட்டிட்டுக் கையெழுத்துப் போட்டான். நான் கீழ, சாட்சின்னு இருந்த இடத்துல போட்டேன்.

ரெண்டு மணி நேரம் ஆச்சு. வெளியே வந்த சர்ஜன் போன்ல வீடியோ காட்டினார். திறக்கல. வெளிர் ரோஜா நிறத்துல நுரையீரல், அதோட நுனியில அப்பளத்துல எழும்பற கொப்புளம் மாதிரி மூணு. இவ்வளவுதானா, இதுக்கா என்று இருந்தது. கடைசியில உப்புத்தண்ணியை உள்ளே ஊத்தி, நுரையீரலை விரிய விட்டு, குமிழி வருதான்னு பாக்கறாங்க. விருதுநகர் தெப்பக்குளத்துப் பக்கம் சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டிட்டு ட்யூபைத் தண்ணித் தொட்டியில முக்கிப் பாப்பாங்களே, அச்சு அசல் அதேதான். குமிழி வரல.

சின்ன ஓட்டைன்னா சின்ன வலின்னு நான் நினைச்சிருந்தேன். அது தப்பு. உள்ளே தேய்ச்ச புண் இருக்கே, அந்த உறைக்கு உணர்ச்சி ரொம்ப அதிகம். முதல் ரெண்டு நாள் இருமக்கூடப் பயந்தான். வலி மருந்து கேக்கறதுல வெக்கப்பட வேண்டாம்னு சிஸ்டர் அவனைத் திட்டினாங்க. வலின்னு ஆழமா மூச்சு இழுக்காம இருந்தா சளி கட்டி நிமோனியாவுல கொண்டு விட்டுடுமாம். மூணு பந்து இருக்கற பிளாஸ்டிக் டப்பாவை உறிஞ்சி உறிஞ்சிப் பந்தைத் தூக்கணும். முதல் நாள் ஒரு பந்து பாதி எழும்பிச்சு. மூணாம் நாள் குழாயை எடுத்தாங்க. அஞ்சாம் நாள் வீடு. பக்கத்து வீட்டு மராட்டி அம்மா, அவன் "காக்கூ"ன்னு கூப்பிடறவங்க, கிச்சடியும் கடியும் செஞ்சு வாசல்லயே நின்னாங்க. பாஷை தெரியாத ஊர்னு இனிமே யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

நம்மூர்க்காரருக்குப் போன்ல சொன்னதைச் சுருக்கிச் சொல்றேன். திடீர்னு ஒரு பக்க நெஞ்சுவலி, மூச்சுத் திணறல்னா வாய்வுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. வலி குறைஞ்சுட்டா சரியாயிடுச்சுன்னும் நினைக்காதீங்க. ஒரு எக்ஸ்ரே போதும். மூச்சுத் திணறல் ஏறிக்கிட்டே போனா, உதடு நீலமாச்சுன்னா, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் விமானம் வேணாம். காத்து அடைச்ச சிலிண்டரைக் கட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள முங்கற ஸ்கூபாவை மறந்துடணும்னு எங்களுக்குச் சொன்னாங்க. எத்தனை ஓட்டைன்னு கேக்காதீங்க. இதை நீங்க எத்தனை தடவை செஞ்சிருக்கீங்க, எப்ப திறப்பீங்கன்னு கேளுங்க. பையனுக்குப் பதினெட்டு தாண்டியிருந்தா, டாக்டரை அவனோட பேச விட்டுட்டு நீங்க கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க. இது ரொம்பக் கஷ்டம். எனக்குத் தெரியும்.

இப்ப அவன் புனேயில வேலை பாக்கறான். இடது பக்கம் இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. தழும்பைச் சுத்தி மரத்துப் போனது சரியாக ஏழெட்டு மாசம் ஆச்சு. வலது பக்கத்துக் கொப்புளம் அப்படியேதான் இருக்கு. அது உடையாமலே போகலாம், ஒண்ணும் வராதப்ப கை வெக்க வேணாம்னு டாக்டர் சொல்லிட்டார். அதை விட்டு வெச்சுக்கிட்டுத்தான் தூங்கப் பழகியிருக்கோம். சிகரெட்டை விட்டான். போன வருஷம் ஒரு நாள் ராத்திரி அவனே போன் பண்ணினான். "அப்பா, நேத்து ஃபிரெண்டு கல்யாணத்துல ஒண்ணு பிடிச்சுட்டேன். சொல்லணும்னு தோணிச்சு." சரி, சாப்பிட்டியான்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கத் தோணல.

பிராஞ்சுல நான் இப்பல்லாம் ஃபாரத்தைத் திருப்பி வாடிக்கையாளர் பக்கமா வெச்சு, "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க"ன்னு சொல்றேன். பத்துல எட்டு பேர் படிக்கறதில்ல. படிக்கற ரெண்டு பேரால கியூ நீளுது, பின்னாடி நிக்கறவங்க திட்டறாங்க. திட்டட்டும்.

டிஸ்கி: நான் பி.காம்., டாக்டர் இல்ல. இதைப் படிச்சுட்டு நீங்களா வைத்தியம் முடிவு பண்ணாதீங்க. ஒரு தடவை நான் அப்படி முடிவு பண்ணிப் பாத்தாச்சு.